செஸ் கடிகாரமும் அவசர முடிவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டி ஹாலுக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோர், ரவுண்டு முடிந்து முகம் வாடி வரும் பிள்ளைகள், வேலைக்குப் போய்க்கொண்டே ரேட்டிங் போட்டிக்கும் வருகிறவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது நேரத்தைப் பற்றித்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் கிளாசிக்கல், அதாவது மணிக்கணக்கில் நடக்கும் போட்டிகளை மனதில் வைத்துத்தான் பதில்கள். வேகமான ரேபிட், அதைவிட வேகமான பிளிட்ஸ் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் வரும்.

போர்டுல "90+30"ன்னு எழுதியிருக்காங்க. அப்படின்னா என்ன?

ஆளுக்கு 90 நிமிடம். அதோடு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடும். இந்தக் கூடுதலுக்குப் பெயர் இன்கிரிமென்ட். முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் கொண்டுவந்த யோசனை இது. 1992-ல் பழைய எதிராளி ஸ்பாஸ்கியோடு மறுபடி மோதியபோது இந்த வகைக் கடிகாரத்தில்தான் ஆடினார். 40 நகர்த்தலுக்குக் கணக்குப் போட்டால் 90-உடன் 20 சேர்ந்து 110 நிமிடம் வரும். அதாவது ஒரு நகர்த்தலுக்குச் சராசரியாக இரண்டே முக்கால் நிமிடம்.

பெரிய போட்டிகளில் 40 நகர்த்தல் முடிந்ததும் இன்னொரு 30 நிமிடம் கிடைக்கும். 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட் அப்படித்தான். ஆனால் இன்கிரிமென்ட் எந்த நகர்த்தலிலிருந்து தொடங்குகிறது என்பதைப் போட்டி அறிவிப்பில் கட்டாயம் பாருங்கள். 2024-ல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் முதல் 40 நகர்த்தலுக்கு 120 நிமிடம். 41-வது நகர்த்தல் வரும்வரை ஒரு விநாடிகூட ஏறாது.

டைம் ட்ரபிள்னு எப்போ சொல்வாங்க? அஞ்சு நிமிஷத்துக்குக் கீழ போனாலா?

நிமிடத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பலகையில் இரண்டு ராஜா, இரண்டு யானை, நாலைந்து சிப்பாய் மட்டும் இருந்தால் ஐந்து நிமிடம் தாராளம். எல்லாக் காய்களும் முட்டிக்கொண்டு நிற்கும்போது 15 நிமிடத்தில் 20 நகர்த்தல் போட வேண்டுமென்றால் அப்போதே சிக்கல்தான்.

நான் வைத்திருக்கும் அடையாளம் வேறு. "இதைப் போட்டால் அவர் என்ன போடுவார்?" என்ற கேள்வியைக் கேட்காமலேயே கை காயைத் தொடுகிறதா? அந்த நகர்த்தலில் டைம் ட்ரபிள் ஆரம்பித்துவிட்டது. கடிகாரம் அப்போது 12 நிமிடம் காட்டலாம், 3 நிமிடமும் காட்டலாம்.

ஒவ்வொரு மூவுக்கும் 30 செகண்ட் வருதே, அப்புறம் எப்படி டைம்ல தோக்கறாங்க?

இன்கிரிமென்ட் உள்ள ஆட்டத்தில் ஃபிளாக் விழுவது, அதாவது நேரம் தீர்ந்து தோற்பது, குறைவுதான். அதற்குப் பதிலாக வேறு ஒரு தொல்லை வருகிறது. அந்த 30 விநாடியிலேயே எதிராளியின் நகர்த்தலைப் பார்த்து, யோசித்து, காயை வைத்து, கடிகாரத்தை அழுத்தி, ஸ்கோர்ஷீட்டில் எழுதவும் வேண்டும். யோசிக்க நிஜமாகக் கிடைப்பது 20 விநாடி சொச்சம். அப்படியே ஒரு மணி நேரம் ஓட்டினால் மூளை களைத்துப் போகும். தோல்வி ஃபிளாக்கில் வராது, பிளண்டரில் (பெரிய தவறில்) வரும்.

இன்கிரிமென்ட் இல்லாத கட்டத்தில் ஃபிளாக்கே விழும், உலக சாம்பியனுக்கும். மேலே சொன்ன சிங்கப்பூர் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரனின் நேரம் 37-வது நகர்த்தலில் தீர்ந்துவிட்டது. ஆட்டம் ஏற்கெனவே எதிரே ஆடிய நம்ம குகேஷ் பக்கம் போயிருந்தது என்பது உண்மை. ஆனால் அந்த நிலைமைக்கு வந்ததிலும் கடிகாரத்துக்குப் பங்கு உண்டு.

நல்லா ஆடிட்டு வர்றவங்க திடீர்னு ஒரே மூவ்ல காயைத் தூக்கிக் கொடுத்துடறாங்க. நேரம் குறைஞ்சா மூளைக்குள்ள என்னதான் நடக்குது?

முதலில் போவது ஒப்பிட்டுப் பார்ப்பது. நிதானமாக இருக்கும்போது மூன்று நகர்த்தல்களை எடுத்துப் பார்ப்பவர், நெருக்கடியில் முதலில் தோன்றியதையே எடுத்துக்கொள்கிறார். அடுத்து எதிராளி காணாமல் போகிறார். நம்முடைய திட்டம் மட்டும் கண்ணில் நிற்கும். அவருடைய பதில் நிற்காது. மூன்றாவதாகப் பார்வை சுருங்குகிறது. சண்டை நடக்கும் ஐந்தாறு கட்டங்களைத் தவிர மற்ற இடம் மங்கிவிடும். அந்த நேரத்தில் தவறவிடுபவை பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: பின்னால் வரும் குதிரை, பலகையின் அந்தக் கோடியிலிருந்து குறுக்கே பாயும் பிஷப், பக்கவாட்டில் நகரும் ராணி. முன்னால் பாயும் அடியை எல்லோரும் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, செக் கொடுக்கும் ஆசை. செக் கொடுத்தால் எதிராளிக்கு வழி குறைவு, நமக்குக் கணக்கும் குறைவு. அதனால் நேரம் இல்லாதவர் செக்கைத் தேடி ஓடுவார். அந்த செக் எதிராளியின் ராஜாவை நல்ல கட்டத்துக்குத் தள்ளிவிட்டுப் போகும். காய்களை வெட்டி மாற்றுவதும் இதே ரகம். "எல்லாத்தையும் மாத்திட்டா நிம்மதி" என்று மாற்றி, தோற்கும் சிப்பாய் முடிவாட்டத்துக்குள் போய் விழுந்தவர்களை ஏராளமாகப் பார்க்கலாம். கணக்கைக் குறைப்பதற்காக எடுக்கும் முடிவை, ஆட்டத்துக்கு நல்ல முடிவு என்று மனம் நம்பவைத்துவிடுகிறது. எனக்கு மிக ஆபத்தாகப் படுவது இதுதான்.

கிராண்ட்மாஸ்டர்களுக்கு இந்தப் பாதிப்பு கம்மியா?

ஆய்வுகளே இதில் ஒத்துப்போவதில்லை. 1988-ல் கால்டர்வுட், கிளைன், கிராண்டல் என்ற மூவர் சாதாரண ஆட்டத்தையும் பிளிட்ஸையும் ஒப்பிட்டார்கள். வேகம் கூடும்போது தரம் சரிவது மாஸ்டர்களைவிட, அவர்களுக்குக் கீழே இருக்கும் ஆட்டக்காரர்களிடம்தான் அதிகம் என்று கண்டார்கள். பழகிய வடிவங்களை மாஸ்டர்கள் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்பது விளக்கம். 2003-ல் சாப்ரிஸ், ஹர்ஸ்ட் இருவரும் கிராண்ட்மாஸ்டர்களின் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, ரேபிட் ஆட்டத்தில் பெரிய தவறுகள் கிளாசிக்கலைவிடத் தெளிவாகவே கூடியிருந்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது: நல்ல நகர்த்தல் கண்ணில் படுவதற்குப் பெரிய ஆட்டக்காரருக்கு நேரம் வேண்டாம், கெட்ட நகர்த்தலைத் தடுக்க அவருக்கும் நேரம் வேண்டும்.

மாமல்லபுரத்தில் பத்தாவது சுற்றை நேரலையில் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்திருந்த குகேஷ், உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தரோவுக்கு எதிராக நல்ல நிலையில் இருந்தார். டிராவுக்கு மனமில்லாமல் ஆட்டத்தை இழுத்தார். 70 நகர்த்தலுக்கு மேல் போய், இன்கிரிமென்ட் விநாடிகளில் ஆடிக்கொண்டிருந்தபோது குதிரையைப் பறிகொடுத்தார். அதே குதிரையை 20-வது நகர்த்தலில் எந்தப் பள்ளி மாணவரும் கொடுக்கமாட்டார்.

என் பையன் வீட்ல கடகடன்னு ஆடறான். போட்டில மட்டும் டைம் எல்லாம் போயிடுது. எங்கதான் போகுது?

அவனுடைய ஸ்கோர்ஷீட்டில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் மீதி நிமிடத்தை எழுதச் சொல்லுங்கள். விதி அதை அனுமதிக்கிறது. இரண்டு மூன்று ஆட்டத்திலேயே ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். சிக்கலான இடத்தில்தான் நேரம் போயிருக்கும் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் இல்லை. 14-வது நகர்த்தல், இரண்டு யானையில் ஒன்று d1 கட்டத்துக்கு வர வேண்டும். எந்த யானை? a1-ல் இருப்பதா, f1-ல் இருப்பதா? அதற்கு 18 நிமிடம். கடைசியில் முதலில் நினைத்த யானையையே வைத்திருப்பான்.

இரண்டுமே சுமாராக நல்ல நகர்த்தல் என்றால், எவ்வளவு யோசித்தாலும் பெரிய வித்தியாசம் கிடைக்காது. ஆனால் வித்தியாசம் கிடைக்காததே இன்னும் யோசிக்கத் தூண்டும். இந்த மாதிரி இரண்டு இடத்தில் போன 30 நிமிடம்தான் 33-வது நகர்த்தலில் இல்லாமல் போகிறது. கடைசி ஐந்து நிமிடத்தில் விழும் பிளண்டரைப் பார்த்துத் திட்டுகிறோம். அதன் விதை பதினைந்தாவது நகர்த்தல் வாக்கிலேயே போட்டாயிற்று. வீட்டில் கடகடவென்று ஆடுவதற்குக் காரணமும் எளிது: அங்கே தோற்றால் ரேட்டிங் போகாது.

அப்போ ஒரு மூவுக்கு எவ்வளவு நேரம் எடுக்கலாம்?

ஒரே அளவு கிடையாது. தெரிந்த ஓப்பனிங்கில் சராசரியைவிட மிகக் குறைவாக, ஆட்டத்தின் போக்கு மாறும் இடத்தில் மிக அதிகமாக. 90+30 ஆட்டத்துக்கு நான் சொல்லிவரும் தோராயக் கணக்கு: 10-வது நகர்த்தலில் 80 நிமிடம் கையில் இருக்கட்டும், 20-வதில் 45-க்குக் கீழே போகவேண்டாம், 30-வதில் 20 நிமிடமாவது மிச்சம் இருக்கட்டும். இதைவிட ஐந்து பத்து நிமிடம் முன்பின் ஆனால் பரவாயில்லை. இருபது நிமிடம் பின்தங்கினால் அடுத்த எளிய முடிவை உடனே எடுத்துவிட்டு ஈடுகட்டுங்கள்.

ஒரே மூவுக்கு அரை மணி நேரம் யோசிக்கறது தப்பா?

தப்பில்லை, ஆட்டத்தையே தீர்மானிக்கும் இடம் அதுவாக இருந்தால். ஒரு காயைத் தியாகம் செய்வதா, ராணிகளை மாற்றி முடிவாட்டத்துக்குப் போவதா, சிப்பாய் அமைப்பை மாற்றுவதா: இவை திரும்பி வரமுடியாத முடிவுகள். உலக சாம்பியன்ஷிப்பில் ஒரே நகர்த்தலுக்கு ஒரு மணி நேரம் எடுத்ததும் உண்டு. ஆனால் 20 நிமிடத்துக்குப் பிறகு புதிதாக எதையும் பார்க்காமல், பார்த்த அதே மூன்று வரிசையையே சுற்றிக்கொண்டிருந்தால் அது யோசனை இல்லை, கவலை. அந்த இடத்தில் காயை வைத்துவிடுங்கள்.

எதிராளிக்கு ரெண்டு நிமிஷம்தான் இருக்கு, எனக்கு அரை மணி நேரம். நானும் வேகமா போட்டு அவரைத் திணறடிக்கலாமா?

வேண்டாம். கையில் இருக்கும் ஒரே பெரிய சாதகத்தை நீங்களே தூக்கிப் போடுகிற வேலை அது. அரை மணி நேரம் வைத்திருப்பவர் விநாடிகளில் ஆட ஆரம்பித்தால் இரண்டு பேருக்கும் டைம் ட்ரபிள் என்று ஆகிவிடுகிறது. அதில் அவருக்குப் பழக்கம் அதிகம். பத்து நகர்த்தலாக அதில்தான் இருக்கிறார்.

ஆனால் நீங்கள் பத்து நிமிடம் யோசித்தால் அந்தப் பத்து நிமிடமும் அவருக்கும் இலவசம், உங்கள் நேரத்தில் அவரும் யோசிக்கலாம். அதனால் வழி இரண்டுக்கும் நடுவில். உங்கள் இயல்பான வேகத்திலேயே ஆடுங்கள், ஆனால் நகர்த்தலின் வகையை மாற்றுங்கள். காயை வெட்டினால் அவர் திருப்பி வெட்டியே ஆகவேண்டும், அதற்கு இரண்டு விநாடி போதும். செக்கும் அப்படித்தான். நான்கு ஐந்து பதில்கள் சாத்தியமாகிற அமைதியான நகர்த்தலைப் போடுங்கள், அதில்தான் அவர் தவிப்பார். அவர் எதிர்பார்த்து வைத்திருக்கும் நகர்த்தலுக்குப் பதில் தயாராக இருக்கும். கிட்டத்தட்ட அதே அளவு நல்ல வேறொன்று இருந்தால் அதை எடுங்கள். ஃபிளாக் விழும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார மட்டும் வேண்டாம். கண் பலகையில் இருக்கட்டும்.

சரி, எனக்கே அஞ்சு நிமிஷம்தான், இன்னும் 12 மூவ் இருக்கு. இப்ப என்ன பண்றது?

சிறந்த நகர்த்தலைத் தேடுவதை நிறுத்துங்கள். பாதுகாப்பான நகர்த்தல் போதும்: காய்கள் ஒன்றையொன்று காக்கட்டும், ராஜா மூடிய இடத்தில் இருக்கட்டும். புதிய திட்டம் எதையும் தொடங்க வேண்டாம். காயைத் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி, "அவரிடம் செக் இருக்கிறதா, வெட்டு இருக்கிறதா?" அதற்கு மூன்று விநாடி ஆகும். நான்காவது கேள்வியில் சொன்ன தவறுகளில் பாதிக்கு மேல் இந்த மூன்று விநாடியில் தப்பிக்கலாம்.

எதிராளி யோசிக்கும்போது எழுந்து நடக்காதீர்கள். அவருடைய நேரத்தில் உங்கள் அடுத்த இரண்டு பதில்களைத் தயார் செய்துவைத்தால் உங்கள் கடிகாரம் ஓடாமலேயே யோசித்தது மாதிரி. உறைந்துபோவதும் ஒரு ஆபத்து. 2023-ல் அஸ்தானாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், நெபோம்னியாச்சிக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் டிங் லிரனுக்கு நான்கு நிமிடத்துக்கும் குறைவான நேரம், இன்கிரிமென்ட் கிடையாது, இன்னும் எட்டு நகர்த்தல் போல் பாக்கி. அவர் அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது காயை நகர்த்தினார், அதுவும் தவறான நகர்த்தல். சுமாரான ஒன்றை முப்பது விநாடியில் போட்டிருந்தால் அந்த நிலையில் ஆட்டம் பிழைத்திருக்கும்.

நேரம் கம்மியா இருந்தா ஸ்கோர்ஷீட் எழுதாம ஆடலாமா?

இன்கிரிமென்ட் 30 விநாடி அல்லது அதற்கு மேல் என்றால் கடைசிவரை எழுதியே ஆகவேண்டும். அதற்குக் குறைவான இன்கிரிமென்ட் உள்ள, அல்லது இல்லவே இல்லாத கிளாசிக்கல் ஆட்டத்தில், ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனவர் அந்த நேரக் கட்டம் முடியும்வரை எழுதாமல் இருக்கலாம். பிறகு விட்டதை நிரப்ப வேண்டும். ரேபிட், பிளிட்ஸில் எழுதத் தேவையில்லை.

40 மூவ் முடிஞ்சுதான்னு சந்தேகமா இருந்தா?

இன்னொன்று போட்டுவிட்டு யோசியுங்கள். கடிகாரத்தில் தெரியும் எண்ணிக்கையை நம்ப வேண்டாம், யாராவது ஒரு தடவை அழுத்த மறந்திருந்தால் அது தவறாகக் காட்டும். கூடுதல் 30 நிமிடம் 40-வது நகர்த்தலில் உடனே ஏறாமல், முதல் நேரம் பூஜ்யத்துக்கு வரும்போதுதான் ஏறும்படியும் பல இடங்களில் அமைத்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

40 தாண்டியதும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கை இன்னும் பழைய வேகத்திலேயே இருக்கும். அரை மணி நேரம் கையில் வந்த பிறகும் 41, 42-வது நகர்த்தலைப் பத்து விநாடியில் போட்டுத் தோற்பது ஹாலில் அடிக்கடி பார்க்கிற காட்சி.

பதட்டத்துல தப்பான மூவ் போட்டுட்டா ஆட்டமே போச்சா?

விதிக்குப் புறம்பான நகர்த்தலைப் போட்டு கடிகாரத்தையும் அழுத்தினால், முதல் தடவைக்கு எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும். பிளிட்ஸில் ஒரு நிமிடம். இரண்டாவது தடவை செய்தால் பொதுவாகத் தோல்விதான். நெருக்கடியில் பலர் மாட்டிக்கொள்ளும் வேறு இரண்டு விஷயங்களுக்கும் இதே தண்டனை: காசில் செய்யும்போதோ (ராஜாவும் யானையும் சேர்ந்து நகர்வது) வெட்டும்போதோ இரண்டு கையையும் பயன்படுத்துவது, காயை நகர்த்தாமலேயே கடிகாரத்தை அழுத்துவது.

சிப்பாய் கடைசி வரிசைக்குப் போகும்போது பக்கத்தில் ராணி இல்லையென்றால், யானையைத் தலைகீழாக வைத்து "இது ராணி" என்று சொல்லாதீர்கள். அது யானையாகத்தான் கணக்காகும். கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரிடம் (நடுவரிடம்) ராணி கேளுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

எதிராளிக்கு டைம் முடிஞ்சிடுச்சு, ஆனா எங்கிட்ட ராஜா மட்டும்தான் இருக்கு. நான் ஜெயிச்சேனா?

இல்லை, டிரா. எந்த விதத்திலும் உங்களால் மேட் செய்ய முடியாது என்றால் அவருடைய ஃபிளாக் விழுந்தாலும் அரைப் புள்ளிதான். உங்களிடம் ஒரு குதிரை இருந்து அவரிடம் சிப்பாய் இருந்தால் கதை மாறலாம். அவரே ஒத்துழைத்து மோசமாக ஆடினால் மேட் வருவதற்கு வழி இருக்கிறதா என்றுதான் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி பார்க்கிறது. இருந்தால் உங்களுக்கு வெற்றி. சில ஆன்லைன் தளங்கள் இதை வேறு மாதிரி கணக்கிடுகின்றன. அங்கே பழகிவிட்டு இங்கே வாதாட வேண்டாம்.

டைம் இல்லாதப்ப எதிராளி டிரா கேட்டா ஒத்துக்கலாமா? நானே கேட்கலாமா?

அவர் ஏன் கேட்கிறார் என்று முதலில் பாருங்கள். உங்களுக்கு நேரம் இல்லாதபோது, நல்ல நிலையில் இருக்கும் எதிராளி பொதுவாக டிரா கேட்கமாட்டார். கேட்டால் அவர் எதற்கோ பயப்படுகிறார். அப்படியிருந்தும் ஐந்தாறு விநாடியில் முடிவு தெரியவில்லை என்றால் ஒத்துக்கொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை.

நேரம் அதிகமாக இருப்பவரே டிரா கேட்ட பிரபலமான சம்பவம் 2018-ல் லண்டனில், உலக சாம்பியன்ஷிப்பில் நடந்தது. கருவானாவுடன் பன்னிரண்டாவது ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் கார்ல்சனுக்கு நிலையும் நன்றாக இருந்தது, நேரமும் அதிகம். 31-வது நகர்த்தலில் டிரா கொடுத்தார். துணிச்சல் போய்விட்டது என்று விமர்சனம் வந்தது. ஆனால் அவர் கணக்கு வேறு. அடுத்து ரேபிட் டைபிரேக், அதாவது சமனை உடைக்கும் ஆட்டங்கள். அதில் தானே பலசாலி என்று அவருக்குத் தெரியும். 3–0 என்று முடித்தார். நல்ல முடிவா என்று இன்றும் சண்டை போடலாம். நேர நெருக்கடி எதிராளிக்கு இருந்தபோதும் அதைப் பயன்படுத்திக்கொள்வது கட்டாயம் இல்லை என்பது மட்டும் தெளிவு.

தினமும் ஆன்லைன்ல பிளிட்ஸ், அதைவிட வேகமான புல்லட் ஆடினா டைம் ட்ரபிள் சரியாயிடுமா?

வேகமாகப் பார்க்கும் பழக்கம் வரும். முடிவெடுக்கும் பழக்கம் வருமென்று சொல்லமாட்டேன். அலெக்சாண்டர் கிரிஷ்சுக் மூன்று முறை உலக பிளிட்ஸ் சாம்பியன். கிளாசிக்கலில் டைம் ட்ரபிளுக்கு அவரைவிடப் பேர் வாங்கியவர் இன்று யாரும் இல்லை. வேகம் இருந்தும் சிறந்ததைத் தேடும் ஆசை விடவில்லை.

மறுபக்கம் நம்ம ஆனந்த். இளம் வயதில் எதிராளி மணிக்கணக்கில் யோசிக்க, இவர் நிமிடங்களில் ஆட்டத்தை முடித்துவிட்டு எழுந்து போவார். 2017-ல், 48 வயதில், ரியாத்தில் உலக ரேபிட் பட்டம் வாங்கினார். அவர் வேகத்துக்குக் கை மட்டும் காரணமில்லை. தன் முதல் எண்ணத்தை நம்புவார், அந்த எண்ணமும் பெரும்பாலும் சரியாக இருக்கும். புல்லட் ஆடுவதால் இரண்டாவது பாதி வராது. அதைவிட 15+10 ஆட்டம் ஒன்று ஆடி, முடிந்ததும் நேரம் எங்கே போனது என்று பார்ப்பது பயன்.

நேரமே இல்லாதப்பவும் சிலர் அற்புதமா ஆடறாங்களே, அது எப்படி?

உறைந்துபோனார் என்று மேலே சொன்ன அதே டிங் லிரன், அதே தொடரின் கடைசி ரேபிட் ஆட்டத்தில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் இருந்தார். நெபோம்னியாச்சி செக் கொடுக்கிறார். ராஜாவை நகர்த்தினால் அதே நிலை திரும்பத் திரும்ப வந்து டிரா. டிங் தன் யானையை g6-ல் கொண்டுவந்து செக்கை மறைத்தார். தன் காயைத் தானே கட்டிப்போட்டுக்கொண்டது போன்ற நகர்த்தல். அதிலிருந்து ஜெயித்து உலக சாம்பியன் ஆனார். 30 ஏப்ரல் 2023.

ஏழாவது ஆட்டத்தில் எட்டு நகர்த்தலுக்கும் சேர்த்து நேரத்தைப் பங்கிட வேண்டியிருந்தது. ரேபிட்டில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பத்து விநாடி வந்துகொண்டிருந்தது, எடுக்க வேண்டிய முடிவும் ஒன்றே: டிராவா, தொடர்வதா? நிமிடம் குறைவதைவிட, பதில் தெரியாத கேள்விகள் பல ஒரே நேரத்தில் நிற்பதுதான் ஆளை உறையவைக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நேரம் இருந்தும் பிளண்டர் வருதே. அப்ப கடிகாரத்தைக் குறை சொல்றது சரியா?

எல்லாத் தவறையும் கடிகாரத்தின் தலையில் கட்ட முடியாது. 12 டிசம்பர் 2024, சிங்கப்பூர், கடைசி ஆட்டம், இருவருக்கும் தலா ஆறரைப் புள்ளி. டிங் ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் டிரா ஆகக்கூடிய நிலை. 40 தாண்டிவிட்டதால் இன்கிரிமென்ட்டும் வந்துகொண்டிருந்தது, ஃபிளாக் விழும் நிலை இல்லை. 55-வது நகர்த்தலில் யானையை f2-க்குக் கொண்டுவந்து மாற்றக் கேட்டார். a8 மூலையில் இருந்த தன் பிஷப்பை அவர் கணக்கில் எடுக்கவில்லை. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷின் கறுப்பு பிஷப் d5-ல் வந்து நிற்க, டிங்கின் வெள்ளை பிஷப்புக்குப் போக இடமில்லை. அதையும் மாற்றியாக வேண்டும், பிறகு மிஞ்சுவது தோற்கும் சிப்பாய் முடிவாட்டம். நான்காவது பதிலில் சொன்ன "மாத்திட்டா நிம்மதி" இங்கேயும் வேலை செய்திருக்கிறது. நான்கு மணி நேரக் களைப்பு, இரண்டரை வாரத் தொடரின் களைப்பு, அதற்கு முன்னால் எத்தனையோ ஆட்டங்களில் நேரத்தோடு போராடிய களைப்பு எல்லாம் சேர்ந்த இடம் அது. குகேஷுக்கே முதல் பார்வையில் அது தெரியவில்லை. வேறு நகர்த்தல் ஒன்றைப் போட இருந்தவர், அந்த பிஷப் மாட்டிக்கொண்டிருப்பதை அப்புறம்தான் கவனித்தார் என்று ஆட்டம் முடிந்து சொன்னார். அவரிடம் கவனிப்பதற்கு நேரம் இருந்தது.